இல்லே, இரு

எங்கள் மெஸ்ஸுக்கு இப்போது வருகிறவர்கள், கல்லாவில் உட்கார்ந்திருக்கிற சொர்ணலதாவைப் பார்த்தால் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள் என்றுதான் நினைப்பார்கள். பார்சலில் சட்னி குறைந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிற ஆட்டோக்காரர்களைக் கன்னடத்திலேயே மடக்கி அனுப்புவாள். அவள் என் தம்பி சந்தோஷ்குமாரின் பெண்டாட்டி. மேட்டூரைத் தாண்டிக் கொளத்தூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் இவள் எப்படி இருந்தாள் என்று நான் சொன்னால், அந்த ஆட்டோக்காரர்கள் நம்பவே மாட்டார்கள்.

எதற்கெடுத்தாலும் பயம். சாமுண்டி மலைக்குப் பஸ்ஸில் போனபோது ஒவ்வொரு வளைவுக்கும் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு பெரிய துணிக்கடையில், தானாக ஓடுகிற படிக்கட்டின் முன்னால் காலைத் தூக்குவதும் இறக்குவதுமாக நின்றுவிட்டு, கடைசியில் சாதாரணப் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தாள். ஊரில் நூல் மில்லில் வேலை பார்த்தவள். அத்தனை பெரிய மிஷினுக்குப் பயப்படாதவள் மனிதர்களுக்கு இப்படிப் பயப்படுகிறாளே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். எல்லாவற்றையும்விடக் கூட்டத்துக்குத்தான் அதிகம் நடுங்குவாள். எங்கெங்கேயோ கூட்ட நெரிசலில் ஜனங்கள் மிதிபட்ட வீடியோக்களைப் போனில் பார்த்துப் பார்த்து மனசில் ஏற்றி வைத்திருந்தாள். "கீழ விழுந்தா அவ்வளவுதானுங்க அண்ணி, எந்திரிக்கவே முடியாதாமுங்க" என்பாள்.

நான் ரூபா. சந்தோஷுக்கு மூத்தவள். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் மெஸ் நடத்துகிறோம். அடுப்படியிலிருந்து வாசல் வரை கத்திக் கத்தி என் தொண்டை பெரிதாகிவிட்டது. அதனால் எனக்குக் கோபக்காரி என்று பெயர். கோபமும் உண்டு, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் பேசுகிற பாஷையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அப்பா கொத்தனார் வேலைக்காக மைசூர் வந்தவர். நானும் தம்பியும் இங்கேதான் பிறந்தோம். வீட்டில் தமிழ்தான் என்று சொல்லிக்கொள்வோம், ஆனால் பாதி கன்னடம் கலந்திருக்கும். எது எந்தப் பாஷை என்று எங்களுக்கே தெரியாது. சந்தோஷ் இன்னும் மோசம். அவசரமாகப் பேசினால் அவன் வாயில் முக்கால்வாசி கன்னடம்தான் வரும். சொர்ணலதா பாவம், காதில் விழுகிற தமிழை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவன் முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்வாள்.

ஆனாலும் ஆசையாகக் கற்றுக்கொள்ளப் பார்த்தாள். ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர் "சில்ரே இல்லா" என்று கையை விரித்தார். இவள் என் காதோரம் குனிந்து, "அண்ணி, இவங்க இல்லான்னா நம்ம இல்லைதானுங்களே! பாதிக் கன்னடம் வந்துருச்சுங்க" என்றாள். "ஆமா, மிச்சப் பாதி நாளைக்கு வந்துடும்" என்று நானும் சிரித்தேன்.

பங்குனி பிறந்ததும் எங்கள் அம்மா கமலம்மாள் ஆரம்பித்துவிட்டாள். நஞ்சன்கூட்டில் பெரிய தேர் வருகிறது, கல்யாணமான முதல் வருஷம் புருஷனும் பெண்டாட்டியும் போய்த் தேர் மேல் பழம் எறிந்துவிட்டு வர வேண்டும். இந்தப் பக்கத்து வழக்கம் அது. வாழைப்பழத்தில் தவனம் என்கிற வாசனைத் தழைக் கொத்தைச் செருகி, ஓடுகிற தேரைப் பார்த்து எறிவார்கள். பழம் தேரில் பட்டால் குடித்தனம் நன்றாக இருக்கும் என்பார்கள். நஞ்சுண்டேஸ்வரரின் தேரைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனம் கூடும்.

லட்சம் என்றதுமே சொர்ணலதாவின் முகம் சுண்டிவிட்டது. "டி.வி.யில காட்டுவாங்கல்லங்க அத்தை? வீட்டுல இருந்தே கும்பிட்டுக்கலாமுங்களே" என்றாள்.

"பழத்தை டி.வி. மேலயா எறிவே?" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு முட்டிவலி, வர முடியாது. அப்பா போன பிறகு சந்தோஷின் முகத்தைப் பார்த்துத்தான் அம்மா காலையில் எழுந்திருக்கிறாள். கிளம்பும்போது வாசல்வரை நொண்டிக்கொண்டே வந்து, "ரூபா, ரெண்டு பேரையும் பத்திரமாக் கூட்டிட்டு வா" என்றாள். நான் என்னவோ பக்கத்துத் தெருவுக்குப் போகிறவள் போல, "ஆகட்டும் ஆகட்டும், நீ கதவைச் சாத்து" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விடிவதற்குள் நஞ்சன்கூடு போய்ச் சேர்ந்தோம். பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தோம். இறங்கிய இடத்திலிருந்தே கூட்டம். கபிலா ஆற்றில் முழுகிவிட்டு ஈரத் துணியோடு வருகிறவர்கள், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகள், தலையில் மூட்டையோடு கிராமத்து ஜனங்கள், எல்லாரும் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் நடக்கவே வேண்டியிருக்கவில்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போனது. சொர்ணலதா ஒரு கையால் சந்தோஷின் சட்டையையும் இன்னொரு கையால் என் முந்தானையையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"முந்தானையை விடுடி, புடவை இடுப்புல நிக்காது போலிருக்கு" என்றேன்.

"விட மாட்டேனுங்க" என்றாள்.

தேர் வருகிற வீதியில் ஒரு வளையல் கடை இருந்தது. நீலத் தார்ப்பாய் கட்டி, ஒரு கரண்டுக் கம்பத்தை ஒட்டிப் போட்டிருந்தார்கள். அந்தக் கம்பத்துக்கும் கடைக்கும் நடுவில் மூன்று பேர் நிற்கிற அளவுக்கு இடம் கிடைத்தது. கடைக்காரி லிங்கம்மா, என் வயசு இருக்கும். "நில்லுங்க, ஆனா என் வளையல் மேல சாயாதீங்க" என்று கன்னடத்தில் அதட்டிவிட்டு இடம் கொடுத்தாள்.

அங்கிருந்து தேர் தெரிந்தது. கொடியும் துணியுமாக, மாடி மேல் மாடி வைத்த மாதிரி வீதியை அடைத்துக்கொண்டு நின்றது. நான் எத்தனையோ தடவை பார்த்த தேர். ஆனால் அன்றைக்கு இவள் பக்கத்தில் நின்று பார்த்தபோது எனக்கே கொஞ்சம் அதிக உயரமாகத்தான் தெரிந்தது.

"அண்ணி, அது சாயாதுங்களா?"

"இத்தனை வருஷமாச் சாயல. நீ வந்த நேரம் பார்த்துத்தான் சாயப்போகுதா? சும்னிரு."

சும்னிரு என்றால் சும்மா இரு. அந்த வார்த்தை மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் அதிகம் சொன்னது அதைத்தான்.

பழம் வாங்குவதற்காக நான் அடுத்த கடைப் பக்கம் திரும்பினேன். எல்லாம் கன்றிப்போன பழமாக எடுத்து வைத்தான் கடைக்காரன். அவனோடு சண்டை போட்டு, நல்ல பழமாகப் பார்த்து, தவனம் செருகி வாங்கிக்கொண்டு திரும்பினால் சந்தோஷைக் காணோம். சொர்ணலதா மட்டும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்கடி அவன்?"

"வடத்தைத் தொட்டுட்டு வர்றேன்னாருங்க. போகாதீங்கன்னு சட்டையைப் புடிச்சேனுங்க. 'இல்லே, இரு'ன்னு சொல்லிப்போட்டுக் கூட்டத்துக்குள்ள போயிட்டாருங்க."

"அவன் என்னைக்குச் சொன்ன பேச்சுக் கேட்டான்" என்றேன். எனக்குக் கோபம்தான் வந்தது. பயந்து நடுங்குகிறவளை இப்படி நட்டநடு வீதியில் விட்டுவிட்டுப் போக வேண்டுமா? வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தேர் நகர்ந்தது.

மேளமும் கொம்பும் ஒரே சமயத்தில் முழங்கின. "ஹர ஹர மகாதேவா" என்று ஒரு சத்தம் வீதியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்தது. வடம் இறுகியதும் அதைப் பிடித்திருந்த கூட்டம் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தத் தள்ளு எங்கள் வரைக்கும் வந்தது. லிங்கம்மாவின் வளையல் தட்டு ஒன்று சரிந்து கலகலவென்று கொட்டியது. யாருடைய முழங்கையோ என் விலாவில் இறங்கியது. சொர்ணலதா அலறவில்லை, வாயை மட்டும் திறந்தாள். மரச் சக்கரம் உருள்கிற சத்தம் காதில் விழவில்லை, காலில்தான் தெரிந்தது. தரை அதிர்ந்தது.

கொஞ்ச தூரம் வந்த தேர் நின்றுவிட்டது. தேர் என்றால் நிற்கும், கட்டை போடுவார்கள், திரும்ப இழுப்பார்கள். ஆனால் இந்தத் தடவை நின்றபோது ஒரு மாதிரி சத்தம் கேட்டது. "யாரோ பித்தரு, யாரோ பித்தரு" என்று முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். யாரோ விழுந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவே வளர்ந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்தானாம், வடத்தைத் தொடப் போனவனாம், சின்ன வயசாம், புதுச் சட்டை போட்டிருந்தானாம்.

சந்தோஷ் கல்யாணத்துக்கு எடுத்த சந்தன நிறச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"என்னங்க அண்ணி சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல. தேர் நின்னுடுச்சாம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அவள்தான் முகத்தைப் பார்த்தே அர்த்தம் பண்ணிக்கொள்கிறவள் ஆயிற்றே. சட்டென்று போனை எடுத்து அவனுக்குப் போட்டாள். லைன் கிடைக்கவில்லை. அத்தனை பேரும் போனைக் காதில் வைத்திருந்தால் எப்படிக் கிடைக்கும்? திரும்பத் திரும்பப் போட்டாள். நான் எட்டி எட்டித் தேர்ப் பக்கம் பார்த்தேன். தலைகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நஞ்சுண்டப்பா, அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன், அவனைக் காப்பாத்துடா என்று வாய்க்குள்ளேயே வேண்டிக்கொண்டேன்.

"எடுத்துட்டாங்க!" என்றாள் சொர்ணலதா. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினாள். "என்னங்க? எங்க இருக்கீங்க? ... யாருங்க நீங்க? அவரு எங்கங்க? எங்க வீட்டுக்காரரு எங்க?"

அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அவள் கையிலிருந்து நழுவ, நான் பிடித்துக்கொண்டேன். அவள் கம்பத்தோடு சரிந்து அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, வேற யாரோ எடுத்தாங்க. அவரு இல்லையாமுங்க" என்றாள். "ரத்தமாமுங்க."

போனைக் காதில் வைத்தேன். லைன் போயிருந்தது. திரும்பப் போட்டேன். தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. அந்தக் குரலை அன்றைக்கு நான் சபித்த சாபம் கொஞ்சமல்ல.

அவர் இல்லை என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அப்பா போன அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நான் போனில் எல்லாருக்கும் சொன்னதும் அதே வார்த்தைதான். சின்ன வயசு, புதுச் சட்டை, வடத்தைத் தொடப் போனவன், இப்போது இது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழம் வைத்திருந்த பையை எங்கே போட்டேன் என்றுகூடத் தெரியாது. அம்மா வாசலில் நொண்டிக்கொண்டு நின்றதுதான் கண்ணுக்குள் வந்து வந்து போனது. பத்திரமாகக் கூட்டிட்டு வா என்று சொன்னாளே.

நான் அப்படியே மரமாக நின்றபோது, கீழே உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "வாங்க" என்றாள். ங்க போட்டுத்தான் சொன்னாள், ஆனால் அவள் அப்படி அதிகாரமாகப் பேசி அதுவரைக்கும் நான் கேட்டதில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகத் தேரைப் பார்த்துக் கூட்டத்துக்குள் இறங்கிவிட்டாள்.

லிங்கம்மா பின்னாலிருந்து என்னவோ கத்தினாள். நாங்கள் நிற்கவில்லை.

எள் விழ இடமில்லாத அந்தக் கூட்டத்தில் எப்படிப் போனோம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. தடியான ஆட்களை எல்லாம் தோளால் இடித்து ஒதுக்கினாள். ஒருத்தன் திட்டினான், இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு இடத்தில் நாலு பக்கமும் நெருக்கி, எனக்கு மூச்சு நின்றுவிட்டது. கால் தரையில் படவில்லை. விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்று இவள் சொல்வாளே, அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொர்ணலதா முன்னாலிருந்து என் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். என் ஒரு செருப்பு அங்கேயே போயிற்று. அவள் வாய் மட்டும் "கூட்டிட்டுப் போயிடாத சாமி, கூட்டிட்டுப் போயிடாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

தேருக்குக் கொஞ்சம் முன்னால் கயிறு கட்டிப் போலீஸ் நின்றது. ஒரு பெண் போலீஸ் எங்களை மறித்தாள். நான் கன்னடத்தில் கத்தினேன். "என் தம்பிம்மா! சக்கரத்துல விழுந்தது என் தம்பி! விடும்மா!"

"சக்கரத்துலயா? யாரு சொன்னது?" என்றாள் அவள். "வெயிலும் நெரிசலும் தாங்காம ஒரு பெரியவர் மயங்கி விழுந்தாரு, அவ்வளவுதான். நரைச்ச தலை. தண்ணி தெளிச்சதும் எழுந்து உட்கார்ந்துட்டாரு. அதோ பாருங்க, ஆம்புலன்ஸ் படியில இளநீர் குடிச்சிட்டு இருக்காரு. வேற யாருக்கும் ஒண்ணும் ஆகல."

எட்டிப் பார்த்தேன். ஒரு தாத்தா இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரை அப்போதே கட்டிப்பிடித்து அழலாம் போலிருந்தது. ஆனால் போனில் வந்த செய்தி?

சொர்ணலதாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினேன். "போனை எடுத்தவன் என்ன சொன்னான்? நீ தமிழ்ல சொல்ல வேண்டாம். அவன் சொன்னதை அப்படியே சொல்லு."

"அதான் சொன்னனுங்களே..."

"அப்படியே சொல்லுடி!"

அவள் விக்கிக்கொண்டே, கண்ணை மூடி, ஞாபகப்படுத்திச் சொன்னாள். "'இல்லே, இல்லே'ன்னான். அப்பறம் 'ரதத ஹத்ர பித்தித்து'ன்னான்."

அந்தப் பெண் போலீஸின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

"அடிப் பாவி" என்றேன். "அடிப் பாவி, கன்னடத்துல 'இல்லே'ன்னா இல்லைன்னு அர்த்தமில்லடி! 'இல்லா'தான் இல்லை. 'இல்லே'ன்னா இங்கேயேன்னு அர்த்தம்! ரதம்டி, ரத்தமில்ல! ரதத்துக்குப் பக்கத்துல, இங்கேயேதான் கீழ விழுந்து கிடந்துச்சுன்னு சொல்லியிருக்கான். போனைச் சொல்லியிருக்கான்! கீழ கிடந்த போனை எவனோ ஒரு மகராசன் எடுத்துப் பேசியிருக்கான்!"

பெண் போலீஸுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும் போலிருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒன்று வந்தது. சொர்ணலதா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப அவரு எங்கங்க?" என்றாள்.

சிரித்த வாய் அப்படியே நின்றது. கேட்டது சரிதானே? போன் கிடைத்துவிட்டது, ஆள் எங்கே? போன் விழுகிற அளவுக்கு நெரிபட்டவன் எங்கே? சட்டைப் பையிலிருந்து விழுந்ததா, இவனே விழுந்தானா? கயிற்றுக்கு அந்தப் பக்கம் தெரிந்த முகங்களை எல்லாம் பார்த்தேன். சந்தன நிறச் சட்டை நிறைய இருந்தது. ஒன்றும் அவனில்லை. "சந்தோஷா! டேய் சந்தோஷா!" என்று மெஸ்ஸில் கத்துகிற தொண்டையில் கத்திப் பார்த்தேன். அத்தனை மேளத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

சொர்ணலதா அசையாமல் நின்றாள். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, அவரும் அதைத்தானுங்க சொன்னாரு."

"எதை?"

"போறப்போ. சட்டையைப் புடிச்சேன்னு சொன்னனுங்கல்ல. 'இல்லே, இரு'ன்னாரு. இல்லை, கொஞ்சம் இரு, வந்தர்றேன்னு சொல்றாருன்னுதானுங்க நெனச்சேன்." அவள் வளையல் கடை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இங்கயே இருன்னா சொன்னாரு? அந்தக் கம்பத்துக்கிட்டயே இருன்னாருங்களா?"

என் தம்பி அவசரத்தில் பேசுகிற பாஷை எனக்குத் தெரியாதா? இல்லே இரு. இங்கேயே இரு. அதே சத்தம், அதே எழுத்து. அதை அவள் எனக்குச் சொன்னபோது நானும் தமிழாகவே கேட்டேன். அவன் சொன்ன இடத்தை விட்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

திரும்பினோம். வந்ததைவிடத் திரும்பிப் போனதுதான் கஷ்டம். தேர் மறுபடி நகரத் தொடங்கியிருந்தது. மொத்த ஜனமும் அதோடு வந்தது. நாங்கள் அதற்கு முன்னால், வீதியோரச் சுவரை ஒட்டி ஒட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனோம். பின்னால் அந்தச் சக்கரத்தின் அதிர்வு எங்களைத் துரத்திக்கொண்டே வந்தது. அவன் அங்கே வந்து பார்த்துவிட்டு எங்களைத் தேடிக் கிளம்பியிருந்தால்? நாங்கள் அழுதுகொண்டு தேர்ப் பக்கம் ஓடியதை லிங்கம்மா சொல்லியிருந்தால்? அவன் சும்மா நிற்கிற ஆளா? அவன் எங்களைத் தேட, நாங்கள் அவனைத் தேட, இந்தக் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் விழுந்தால்? நினைக்க நினைக்க எனக்கு வேர்த்துக் கொட்டியது. என் மணிக்கட்டில் சொர்ணலதா பிடித்த பிடி வலித்தது.

முதலில் நீலத் தார்ப்பாய் தெரிந்தது. பிறகு கரண்டுக் கம்பம். கம்பத்தைக் கட்டிக்கொண்டு, லிங்கம்மாவின் மர ஸ்டூல் மேல் ஏறி நின்று, கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான் என் தம்பி. சந்தனச் சட்டையில் ஒரு பையே கிழிந்து தொங்கியது. முகம் அழுது வீங்கியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டதால் சத்தமே வரவில்லை, வாய் மட்டும் "லதா, லதா" என்று அசைந்தது.

அவன் எங்களைத் தேடித் தேர்ப் பக்கம் ஓடத்தான் பார்த்தானாம். லிங்கம்மாதான் அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து வைத்திருக்கிறாள். "நீயும் போனா அவங்க எங்க வந்து தேடுவாங்க? இல்லே இரப்பா" என்றாளாம். அதைக் கேட்டு நின்றிருக்கிறான், அந்த ஒரு விஷயத்துக்காக அந்தப் பெண்மணிக்குக் கோயில் கட்டலாம். சக்கரத்தில் விழுந்தது ஒரு பெண் என்று இங்கே அதற்குள் கதை மாறியிருந்ததாம். அதைக் கேட்டுக்கொண்டு அந்த ஸ்டூல் மேல் அவன் நின்ற நிற்பை நினைத்தால், அவனை நாலு கேட்க வேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

எங்களைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து குதித்தான். கால் தடுக்கி மண்டி போட்டு விழுந்தான். சொர்ணலதா என் கையை விட்டாள். விடிகாலையிலிருந்து அவள் தானாக எதையும் விட்டது அப்போதுதான். ஓடிப் போய் அவன் கிழிந்த சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போயிட்டே?" என்றான் அவன், வராத குரலில். "எங்க போயிட்டே நீ?"

அவள் அவன் நெஞ்சில் நெற்றியை முட்டினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, அடிக்கிற மாதிரி முட்டினாள்.

"இல்லே" என்றாள். "இல்லே இருக்கேன். இல்லே."

எந்த இல்லே என்று அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்தில் லிங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உடைந்த வளையல்களைப் பொறுக்கினாள். தேர் நாங்கள் நின்ற கடைக்கு நேராக வந்துகொண்டிருந்தது, பழப் பை போன இடம் தெரியவில்லை. நான் மூக்கைச் சிந்திவிட்டு, ஒற்றைச் செருப்போடு, அந்தக் கன்றிப்போன பழக்காரனிடமே திரும்பவும் போனேன்.